வீட்டைப் பார்த்து வரும் ரயில்கள்

மச்சான்,

இன்று காலை உன் தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் வசம்பு வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பூச்சி அண்டாமல் இருக்க நீ போட்டு வைத்த துண்டுகள் இன்னும் காரம் குறையாமல் கிடக்கின்றன. "இன்னா மச்சான், புள்ள பெத்த வூடு மாதிரி வாசனை வருது" என்று அப்போதெல்லாம் உன்னைச் சீண்டுவேன். "உள்ள புள்ளைங்க தூங்குதுடா, கத்தாத" என்பாய். இன்றைக்கு அதே வாசனை வந்தது, சீண்டுவதற்கு ஆள் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்டவன். எழுத்து நம் மலைப்பாதை மாதிரி கொஞ்சம் வளைந்து வளைந்துதான் போகும். தபால்காரனுக்கே தபால் எழுதுகிறேன், ஆனால் ஸ்டாம்பு ஒட்ட மாட்டேன். ஒட்டினால் அதையும் நீ தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக்கொள்வாய்.

நீ போய் இது மூன்றாவது ஐப்பசி. வெளியே மழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் இல்லை. செல்போன் டவரும் படுத்துவிட்டது. உன் ஸ்டாம்பு ஆல்பம் என் முன்னால் மணைப்பலகையில் திறந்து கிடக்கிறது. அதை மூட எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் முதலில் உன் பொண்ணு கதை.

மலர் இன்றைக்கு ரயில் இன்ஜினில் வேலைக்கு ஏறியிருக்கிறாள். பயிற்சியில் கூட்டத்தோடு ஏறி இறங்கியதெல்லாம் வேறு. இன்றைக்கு அவள்தான் உதவி ஓட்டுநர், பக்கத்தில் பெரிய ஓட்டுநர் ஒருவர். அந்த நீள வண்டியின் தலையில் இரண்டே பேர். காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். சரக்கு வண்டி. "எப்ப கெளம்பும், எப்ப சேரும்னு சொல்ல முடியாது மாமா. நடுவுல எங்கயாவது ஓரம் கட்டிப் போட்டுடுவாங்க. இன்ஜின்ல ஏறினா போன அணைச்சி வெச்சிடணும். எறங்கினதும் நானே பேசறேன்" என்று நேற்று சொன்னாள். அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நடுக்கம் முழுவதும் இங்கே, நம் வீட்டில் இருக்கிறது.

என் தங்கச்சியை, அதாவது உன் பெண்டாட்டியை, உனக்குத் தெரியாதா? நேற்று சந்தையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டாள். "புது வண்டிக்குப் பழம் வெக்காம எப்பிடிண்ணா? நீ உன் வண்டிக்கு வெக்கல?" என்று ஒரே பிடி.

"நான் வெச்சது நாலு டயருக்கு. அம்மாம் நீள கூட்ஸ் வண்டிக்கு சக்கரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சா ஜமுனாமரத்தூர் சந்தை, ஒடுகத்தூர் சந்தை ரெண்டுலயும் பழம் தீந்துடும்" என்றேன்.

"வெளையாடாத. காட்பாடிக்கு வண்டி எடு. ஒண்ணே ஒண்ணு, முன் சக்கரத்துக்கு வெச்சிட்டு வந்துடலாம்."

மலரிடம் போனில் கேட்டே விட்டாள். அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. "அம்மா, தண்டவாளத்துல எதுனா வெச்சா, மொதல்ல உன்னதான் புடிச்சிகினு போவாங்க."

அப்புறம் தங்கச்சியே ஒரு வழி கண்டுபிடித்தாள். ரயில் இல்லாவிட்டால் என்ன, ரயில் ஆல்பம் இருக்கிறதே! விடிந்ததும் உன் பெட்டியை இறக்கி, ஆல்பத்தின் அட்டைக்கு மஞ்சள் தடவி, மணை மேல் வைத்து, நடுப் பக்கத்தைத் திறந்து, கற்பூரம் காட்டினாள். ஸ்டாம்புக்கே குங்குமம் வைக்கப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன். இல்லாவிட்டால் சுவிட்சர்லாந்து ரயிலுக்கு இன்று நெற்றிப் பொட்டு வந்திருக்கும். எலுமிச்சம்பழத்தை ஆல்பத்தை வைத்து நசுக்க முடியாது அல்லவா? அதை என் வண்டியின் முன் டயருக்கு அடியில் வைத்துவிட்டு, "உன் வண்டி அவ வண்டிக்குப் பதிலாண்ணா" என்றாள். மழையில் சவாரி இல்லை. பழம் இன்னும் நசுங்காமல் டயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அது வேறு எனக்கு ஒரு கவலை.

ஆல்பம் திறந்து கிடக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இடப்பக்கம் கல் பாலத்தின் மேல் போகும் சிவப்பு மலை ரயில், சுவிட்சர்லாந்து. அதற்குக் கீழே கரும்புகை விடும் ஹங்கேரி இன்ஜின். வலப்பக்கம் ஜப்பானின் மூக்கு நீண்ட வண்டி, அதற்குப் பக்கத்தில் நம் நாட்டு ஊட்டி ரயில், ஓரத்தில் மாலத்தீவு. மாலத்தீவு ஸ்டாம்பு வந்த அன்று நீ பண்ணிய ஆர்ப்பாட்டம் இருக்கிறதே! அது கடலுக்கு நடுவே இருக்கிற ஊர், அங்கே தண்டவாளமே கிடையாது, ஆனாலும் இவ்வளவு பெரிய இன்ஜினை அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் காட்டினாய். தபால் கொடுக்கப் போன இடத்தில் தபாலை மறந்துவிட்டு ஸ்டாம்பைக் காட்டியவன் நீ ஒருத்தன்தான்.

"ரயிலே இல்லாத ஊர்ல இன்னாத்துக்கு மச்சான் ரயில் ஸ்டாம்பு?" என்று கேட்டேன்.

"நம்ம மலையில ரயில் இருக்குதா? நான் ஆல்பம் வெச்சிகினு இல்ல? அவனும் நம்மள மாதிரிதான்" என்றாய். அன்றிலிருந்து மாலத்தீவுக்காரர்கள் உனக்குப் பங்காளி ஆகிவிட்டார்கள்.

உனக்கு ஸ்டாம்பு வந்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மலை மேல் நட்சத்திரம் பார்க்கிற கூடத்தில் சமையல் செய்தவர், வெளிநாட்டிலிருந்து அங்கே வரும் கடித உறைகளை உனக்காக உப்பு ஜாடிக்குப் பின்னால் சேர்த்து வைப்பார். வாணியம்பாடித் தோல் மண்டியில் ஒரு பாய், இத்தாலி ஜெர்மனி உறைகளை என் வண்டியில் கொடுத்தனுப்புவார். பூ, பறவை, ராஜா தலை எல்லாம் வந்தால் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவாய். ரயில் மட்டும்தான் உனக்கு.

உறையிலிருந்து ஸ்டாம்பைப் பிரிக்க அதைச் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவாய். பசை இளகி, ஸ்டாம்பு தானாகக் கழன்று மிதக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியுமா? தட்டை வாசலில் வைத்துவிட்டு, தபாலாபீசில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனாய். என் தங்கச்சி வந்து பார்த்தாள். தட்டில் தண்ணீர், அதில் என்னவோ காகிதக் குப்பை. நம் வீடுகளில் தட்டுத் தண்ணீரைக் கீழே கொட்டுகிற வழக்கம் உண்டா? நேரே கழனித்தண்ணிப் பானையில் ஊற்றி, பானையை மாட்டுக்கு முன்னால் வைத்துவிட்டாள். நீ ஓடி வருவதற்குள் மாடு கடைசி மடக்கைக் குடித்து முடித்து நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆஸ்திரியா, ஒரு கியூபா. நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். நான் மாட்டின் வயிற்றில் காதை வைத்து, "மச்சான், வண்டி உள்ள ஓடுது, சத்தம் நல்லா கேக்குது" என்றேன். அழுகிற மாதிரி இருந்தவன் சிரித்துவிட்டாய். அந்த மாட்டுக்கு அன்றிலிருந்து எக்ஸ்பிரஸ் என்றே பெயர்.

"இன்னாண்ணா தனியா சிரிச்சிகினு கீற?" என்று இப்போது தங்கச்சி உள்ளேயிருந்து கேட்டாள். "எக்ஸ்பிரஸ நெனச்சேன்" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே போனை எடுத்துப் பார்த்தாள். டவர் இல்லை.

"அந்த ஆல்பத்த மூடி வையேண்ணா. ஈரக்காத்து அடிக்குது, தாளெல்லாம் சுருண்டுக்கும். பூசை முடிஞ்சிச்சி இல்ல?"

"இரு."

"காலையிலருந்து இரு இருன்ற."

மூட முடியாததற்குக் காரணம் நான் அடித்த ஒரு கேலி, மச்சான். உனக்கு நினைவிருக்கும்.

நீ ஸ்டாம்பை ஆல்பத்தில் வைப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாய். மற்றவர்கள் நாடு வாரியாக வைப்பார்களாம். நீ இன்ஜினின் முகம் பார்த்து வைப்பாய். வலது பக்கம் முகம் திரும்பிய வண்டியெல்லாம் இடப்பக்கத் தாளில், இடது பக்கம் திரும்பியதெல்லாம் வலப்பக்கத் தாளில். எல்லா வண்டியும் நடுத்தையலைப் பார்த்து ஓடும். "நடுவுல இருக்கிற தையல்தான் வூடு. எந்த வண்டியும் வெளிய போற மாதிரி இருக்கக்கூடாது, வூட்டுக்கு வர்ற மாதிரிதான் இருக்கணும்" என்பாய். நேராக நம்மைப் பார்க்கும் இன்ஜின் வந்தால்? அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது என்று கடைசிப் பக்கத்தில் வைத்துவிடுவாய்.

நான் ஓட்டுநர் அல்லவா, என் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தது. "மச்சான், ரெண்டு பக்கமும் எதிரெதிரா வருது. நீ புத்தகத்த மூடினா அத்தனை வண்டியும் மூஞ்சியோட மூஞ்சி மோதிக்குமே" என்றேன்.

நீ இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாய். அப்புறம், "மோதாதுடா" என்றாய். ஏன் மோதாது என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆல்பத்தை மூடும்போது ஒரு பக்கத்தைக் கையில் தாங்கி மெதுவாகத்தான் மூடுவாய். மூடுவதற்கு முன் வாயைக் குவித்து, யாருக்கும் கேட்காத மாதிரி, 'கூ' என்று ஒரு சத்தம் கொடுப்பாய். வளைவில் நான் ஹாரன் அடிப்பதுபோல. அதைப் பார்த்துவிட்டு எத்தனை நாள் உன்னைக் கேலி செய்திருப்பேன்!

இப்போது அந்தக் கேலி என் தலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. மலர் இந்த நேரம் ஆம்பூர் பக்கமோ வாணியம்பாடி பக்கமோ வந்துகொண்டிருப்பாள். எதிரே எத்தனை வண்டி வருகிறதோ. நான் இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தின் மேல் போட்டு மூட வேண்டுமா? கையை அட்டையில் வைக்கிறேன், எடுக்கிறேன். ஈரத்தில் ஊட்டி ரயிலின் ஒரு மூலை லேசாக எழும்பத் தொடங்கிவிட்டது. திறந்து வைத்தால் உன் சொத்து கெடும். மூடினால், சொல்லவே வாய் வரவில்லை.

ஒரு முறை மலரிடம் கேட்டேன். "ஸ்டீரிங் எப்பிடிம்மா, நம்ம வண்டியவிடப் பெருசா இருக்குமா?"

"இன்ஜின்ல ஸ்டீரிங்கே கெடையாது மாமா."

"அப்ப எதிர்ல மாடு வந்தா?"

"ஹாரன் அடிப்போம். பிரேக் போடுவோம்."

"நிக்குமா?"

"நிக்கும். ஆனா நெனச்ச எடத்துல நிக்காது."

அன்றைக்கே எனக்குப் பாதித் தூக்கம் போய்விட்டது. இருபக்கமும் பள்ளமாக இருந்தாலும் ஸ்டீரிங் கையில் இருந்தால் எனக்குப் பயம் இல்லை. திருப்பவே முடியாத வண்டியில் நம் பிள்ளை உட்கார்ந்து போகிறது என்றால் எப்படி?

நீயும் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. என் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போனபோது, ஜோலார்பேட்டை ஸ்டேஷனைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். பிளாட்பாரத்தில் நின்றோம். நிற்காமல் போகிற வண்டி ஒன்று வந்தது. தரையெல்லாம் அதிர்ந்தது. உலகத்து ரயில்களையெல்லாம் பெட்டியில் வைத்திருப்பவன் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் பின்னால் போனாய். வண்டி போன பிறகு, "ஸ்டாம்புல சத்தம் வராது இல்ல, அதான்" என்றாய். வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். உன் பொண்ணு அந்தச் சத்தத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், மச்சான். இதை நீ கேட்டால் சந்தோஷப்படுவாயா, சுவர் வரைக்கும் போய் நிற்பாயா?

தங்கச்சி மறுபடி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஆல்பத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"அந்த மோதல் கதையத்தான நெனச்சிகினு கீற?"

நான் அட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"ஊரையே கிண்டல் பண்ற ஆளு, நீ பண்ண கிண்டலுக்கு நீயே பயந்தா எப்பிடிண்ணா?" சொல்லிவிட்டு அவளும் மூடவில்லை. முந்தானையை எடுத்து எழும்பிய மூலையை மெதுவாக ஒற்றினாள். "கோயில் வளைவாண்ட போனா சிக்னல் கெடைக்கும். போய்ப் பாப்பமா?" என்றாள்.

பேனாவை வைக்கிறேன். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

*

வந்துவிட்டேன், மச்சான். விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் விளக்கைத் திட்டு.

வண்டியை எடுத்தபோது டயர் ஏறி எலுமிச்சம்பழம் நசுங்கியது. "அப்பாடா" என்றாள் தங்கச்சி. ஆலங்காயம் ரோட்டில் கோயில் வளைவில் நிறுத்தினோம். மழை தூறலாகக் குறைந்திருந்தது. கீழே ஊர்கள் இருக்கிற பக்கம் முழுக்க வெள்ளை மேகம். அவள் போனைக் கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் பிள்ளையாருக்கு முன்னால் நிற்பதுபோல் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வளைவில்தான் உன்னைக் கொண்டுபோன அன்றைக்கும் நிறுத்தினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ என் பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தாய், தங்கச்சி பின்னாலிருந்து உன் தோளைப் பிடித்திருந்தாள். எதிரே ஒரு லாரி முக்கி முக்கி ஏறி வந்தது. மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழி விட வேண்டும். ஓரம் கட்டி நின்றேன். அந்த ஆளை நான் பேசிய பேச்சு உன் காதில் விழுந்திருக்கும். நீ என் கையில் தட்டி, "திட்டாதடா. அவனும் வூட்டுக்குத்தான் போறான்" என்றாய். அதுதான் உன் கடைசிப் பேச்சு. ஆலங்காயம் வந்தபோது மருத்துவமனை வாசலில் எனக்கு ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுக்கத் தெரியவில்லை.

அதிலிருந்து எதிரே எந்த வண்டி வந்தாலும் எனக்கு ஆகாது. வெளியே சிரித்துப் பேசிக்கொண்டே ஓட்டுவேன், உள்ளுக்குள் திட்டிக்கொண்டே இருப்பேன். இது யாருக்கும் தெரியாது.

போன் அடித்தது. தங்கச்சி பதறி அதைக் காலடியில் போட்டுவிட்டாள். நான் குனிந்து எடுத்தேன்.

"மாமா, எறங்கிட்டேன். ஜோலார்பேட்டை."

நான், "ம்" என்றேன்.

"இன்னா மாமா, அவ்ளோதானா? கிண்டல் ஒண்ணும் இல்லயா?"

"எதிர்ல வண்டி வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். என் வாயில் வந்தது அதுதான்.

"வந்துச்சி மாமா, நெறைய வந்துச்சி. பக்கத்து லைன்ல." அப்புறம் உற்சாகமாக ஆரம்பித்தாள். "அதுதான் மாமா நல்லா இருந்துச்சி. எதிர் வண்டி நம்மள தாண்டும்போது அதுல இருக்கிறவங்க நம்ம வண்டிய பாப்பாங்க. எங்கயாவது பொகையுதா, எதுனா தொங்குதான்னு. நம்ம பின்னாடி இருக்கிறது நமக்குத் தெரியாது இல்ல? அவங்களுக்குத்தான் தெரியும். ஒண்ணும் இல்லன்னா கைய தூக்கிக் காட்டுவாங்க. நாங்களும் அவங்க வண்டிய பாத்துட்டு கை காட்டணும். யாருன்னே தெரியாது மாமா, ஒவ்வொருத்தரும் காட்டிட்டுப் போறாங்க."

தங்கச்சி போனைப் பிடுங்கிக்கொண்டாள். சாப்பிட்டாயா, நனைந்தாயா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழவில்லை. வைப்பருக்கு அந்தப் பக்கம் தெரிந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோதாதுடா என்று ஏன் சொன்னாய் என்று இத்தனை வருஷம் கழித்து உன் பொண்ணு வந்து சொல்கிறாள். நீ இதைத் தெரிந்து சொல்லியிருக்க மாட்டாய். தெரிந்திருந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருப்பாய். உனக்குத் தெரிந்ததெல்லாம், வருகிறவர்கள் எல்லோரும் வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்பது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து மணைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சுவிட்சர்லாந்தையும் ஜப்பானையும் பார்த்தேன். இந்தப் பக்கத்து இன்ஜின்காரன் அந்தப் பக்கத்து வண்டியின் வாலைப் பார்க்கிறான், அவன் இவன் வாலைப் பார்க்கிறான். மாலத்தீவுக்காரன்கூட ஓரத்தில் நின்று பார்க்கிறான். இடப்பக்கத் தாளைக் கையில் தாங்கினேன்.

"சத்தம் குடுண்ணா" என்றாள் தங்கச்சி.

உன் மாதிரி வாயைக் குவித்துக் 'கூ' என்றேன். எனக்கு அது சரியாக வராது. காற்றுதான் வந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மெதுவாக மூடினேன். ஊட்டி ரயிலின் மூலை உள்ளே படிந்துகொண்டது. வசம்பைத் திருப்பிப் போட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கோயில் வளைவிலிருந்து திரும்பி ஏறும்போது, கீழே இறங்கி வந்த ஒரு லாரி எனக்கு வழி விட்டு ஓரமாக நின்றது. வழக்கமான வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் வண்டியை முன்னாலிருந்து பின்வரைக்கும் ஒரு தரம் பார்த்தேன். தார்ப்பாய் இறுக்கமாக இருந்தது, ஒன்றும் தொங்கவில்லை. ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவனுக்குத் தூக்கிக் காட்டினேன்.

யார் என்ன என்று தெரியாமலே அவனும் கையைத் தூக்கினான், மச்சான்.